மெஷ் இல்லாமல் ஓடு கணக்கிடுவோருக்கு

வடிவமைப்புப் பிரிவு நர்ப்ஸ் வளைபரப்பாக வரைந்து தரும். நாங்கள் அதைச் சின்னாபின்னமாக வெட்டி மெஷ் போடுவோம். இந்த இரட்டை வேலை எதற்கு, வரைந்த ஸ்ப்ளைனையே கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றது 2005இல் ஹியூஸ், காட்ரெல், பாசிலெவ்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை. ஐசோஜியோமெட்ரிக் பகுப்பாய்வு என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. மெல்லிய ஓட்டுப் பாகங்களுக்கு நான் இதைத்தான் நம்புகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் கம்பெனி கோப்பை எடுத்த எடுப்பிலேயே தொட வேண்டாம். ஸ்கார்டெலிஸ்-லோ கூரை என்ற வழக்கமான சோதனைக் கணக்கில் கை பழகுங்கள். ஆரம் 25, நீளம் 50, தடிமன் 0.25, வில் 80 பாகை. இருபடி நர்ப்ஸில் அந்த வில்லுக்கு 3 கட்டுப்பாட்டுப் புள்ளிகளே போதும். நடுப்புள்ளியின் எடை கோசைன் 40 பாகை, அதாவது 0.766. வளைவு அச்சுப் பிசகாமல் வரும். ஆனால் அந்த நடுப்புள்ளி இருப்பதோ மையத்திலிருந்து 32.6 தொலைவில், கூரைக்கு மேலே அந்தரத்தில்! மெஷ் கணுவில் விடை படித்தே பழகிய கண் நேராக அங்கேதான் போகும். அங்கே கிடைக்கும் எண் கூரையின் இடப்பெயர்ச்சி அல்ல. பரப்பின் மேல் ஒரு இடத்தைக் குறித்து, அங்கே ஸ்ப்ளைனை மதிப்பிட்டுத்தான் விடை எடுக்க வேண்டும். பிறகு 'நாட்' செருகிக்கொண்டே போங்கள். வடிவம் இம்மியும் மாறாது. பிடிப்பில்லாத ஓரத்தின் நடுவில் இறக்கம் 0.30ஐ ஒட்டி நின்றுவிட்டால் மேலே போகலாம்.

அடுத்தது ஒட்டு. ஒரு பேட்சுக்குள், அதாவது ஒற்றை ஸ்ப்ளைன் பரப்புத் துண்டுக்குள், இருக்கும் வழவழப்பு, இரண்டு பேட்சுகள் சேரும் கோட்டில் கிடையாது. கிர்காஃப்-லவ் ஓட்டில் சுழற்சிக்கென்று தனி மாறியும் இல்லை. ஓரப் புள்ளிகளை மட்டும் ஒன்றாக்கி விட்டால் அந்தக் கோடு கதவுக் கீல் போல மடங்கும். பெனால்டி முறையோ நிட்ஷே முறையோ வைத்துச் சாய்வையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு தட்டை இரண்டு பேட்சாகக் கணக்கிட்டு, அதையே ஒற்றைப் பேட்சாகப் போட்ட விடையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேட் (CAD) கோப்பில் துளை என்பது பெரும்பாலும் வெறும் டிரிம் கோடு; அடியில் பரப்பு துளைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். வெட்டுப்பட்ட ஓரத்தில் நூலளவு துணுக்குகள் மிஞ்சினால் கணக்கு தள்ளாடும். அவற்றை முன்கூட்டியே தேடிப் பாருங்கள்.

வார்ப்புப் பாகம் என்றால் நான் இன்றும் பழைய மெஷ்தான் போடுகிறேன். கேட் கோப்பில் வருவது வெளித்தோல் மட்டும். உள்ளே நிரப்ப வேண்டிய ஸ்ப்ளைனை நாம்தான் கட்ட வேண்டும். அந்த உழைப்புக்கு மெஷ்ஷே மேல்.