கற்பனைக் களமும் ஒப்பீட்டு அளவும்

பிராட்மனுக்கு முரளிதரன் பந்து வீசினால் வெல்பவர் யார்? நம் மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா இது. 1948இல் டெஸ்ட் ஆட்டத்தை முடித்தவரும் 1992இல் தொடங்கியவரும் எதிர்நின்றதில்லை. ஆயினும் வீண்பேச்சென இதனைத் தள்ளுதல் தகாது. ஒப்பிடும் கலையை இதனாற் பயிலலாம்.

பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில் எய்திய சராசரி 99.94, முரளிதரன் 133 ஆட்டங்களில் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. ஓட்டத்தையும் விக்கெட்டையும் ஒரே தராசில் இடலாகாது. ஒவ்வொருவரும் தம் காலத்தவரினும் எத்துணை உயர்ந்தார் என்பதே காணத்தக்கது. அவ்வாறு காணின் இருவரும் தத்தம் துறையில் தனிச் சிகரங்களே.

மெய்யான களத்திலும் அளவு பிழைப்பதுண்டு. 1948 மார்ச்சில் கொழும்பில், சதாசிவம் தலைமை தாங்கிய இலங்கை அணிக்கெதிராகப் பிராட்மன் 20 ஓட்டங்கள் பெற்றார். தோட்டங்களில் நிலமளந்த சங்கிலியின் நீளமாகிய 66 அடி இருக்கவேண்டிய ஆடுகளம் அன்று 60 அடியே இருந்தது.

அவ்வாண்டிலேயே வாழ்க்கைக் களமும் குறுகிற்று. குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். முரளிதரனின் பாட்டனாரும் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு உழைக்க வந்தவரே. பேரர் களம் புகுந்தமையால் உலகம் அவரைக் கணக்கிட்டது. பசறையிலும் அப்புத்தளையிலும் லயத்து முற்றத்தோடு ஆட்டம் முடிந்த சிறுவரை எக்கணக்கு அறியும்?

ஆதலின், எக்காலத்துக்குமுரிய பதினொருவரைத் தெரிவுசெய்யுமுன் ஒன்று கேட்போம்: களம் எல்லார்க்கும் திறந்திருந்ததா? நம் கல்லூரி மைதானத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாவர்க்கும் திறந்து வைத்தல் நம் அனைவரின் கடனாகும்.