ப்யூரெட் இல்லையா? லேப்டாப்பை மூடுங்கள்

கே: எஸ்டேட் ஜிப்ஸியின் 1300 எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். லேத்துக்காரர் அரை மில்லி போர் பண்ணினால் பவர் ஏறும் என்கிறார். சிமுலேஷன் மென்பொருளிலோ கிராப் அசையவே இல்லை. யார் சொல்வது சரி? (நாகலூர்)

ப: மென்பொருள். போர் 74, ஸ்ட்ரோக் 75.5, நாலு சிலிண்டருக்கு 1298 சிசி. அரை மில்லி கூட்டினால் 1316. பதினெட்டு சிசிக்குக் கிராப் ஏன் அசையப் போகிறது? ஓவர்சைஸ் போடுவது தேய்ந்த சிலிண்டருக்காக.

கே: மென்பொருளில் கம்ப்ரஷன் ரேஷியோவை மேனுவலில் உள்ளபடியே போடலாமா? (அஸ்தம்பட்டி)

ப: கூடவே கூடாது! மேனுவல் எழுதியவருக்கு உங்கள் ஹெட்டை இரண்டு தடவை பேஸிங் பிடித்தது தெரியுமா? ஒரு சிலிண்டர் 325 சிசி. ரேஷியோ 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. பேஸிங்கில் 3 சிசி போனால் அதுவே 9.6. அதை வைத்துக்கொண்டு ஏப்ரல் வெயிலில், ஆள் நிறைய, கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் மிதித்துப் பாருங்கள். டக்டக்கென்று நாக்கிங் கேட்கும். அப்புறம் பிஸ்டன் வாங்கச் சேலத்துக்கு இறங்க வேண்டியதுதான்.

ஹெட்டைக் கவிழ்த்து வையுங்கள். வால்வு, பிளக் இரண்டும் மாட்டியிருக்கட்டும். ஓரத்தில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி, ப்யூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளவெடுங்கள். நாலு சேம்பரையும். ஒன்றை அளந்துவிட்டு மூன்றுக்கும் அதையே எழுதுகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். கேஸ்கெட் கனம், பிஸ்டன் தலையில் உள்ள பள்ளம் இரண்டும் கணக்கில் சேரும்.

ஒரு பையன் மென்பொருள் கிராப்பைக் கலர் பிரிண்ட் எடுத்து வந்தான். நூறு குதிரைசக்திக்கு மேல். கேம் டியூரேஷன் எங்கே அளந்தது என்றேன். முழித்தான். வால்வு எழும்பத் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணிய டிகிரி வேறு, 1 மில்லி எழும்பிய பிறகு எண்ணியது வேறு. ஒன்றைக் கேட்ட கட்டத்தில் மற்றதைப் போட்டிருந்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

கே: சேலத்தில் நன்றாக இழுக்கும் கார்புரேட்டர் வண்டி, 20 வளைவு ஏறியதும் சோர்கிறது. மென்பொருளில் இது தெரியுமா? (ஏற்காடு)

ப: தெரியும், காற்றழுத்தக் கட்டத்தை நீங்கள் மாற்றினால். பெரும்பாலும் அதில் கடல்மட்ட அளவுதான் இருக்கும். சேலத்தில் சுமார் 980 மில்லிபார். 1500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 845. மலைக் குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க அல்ல. காற்று குறையும்போது கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்துப் பாருங்கள். கிராப்பின் உச்சியைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த மலையில் உங்கள் வண்டி வாழ்வது 2000 ஆர்.பி.எம்.முக்கும் 3500க்கும் நடுவில்.

கே: 7000 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் கேம் போடலாமா? (குப்பனூர்)

ப: காபி மூட்டை ஏற்றவா? வேண்டாம்.

கே: டிப்ளமோ மாணவன். மென்பொருள் காட்டியதைவிட டைனோவில் எட்டு சதவீதம் குறைவு. என் கணக்கு தப்பா? (சேலம்)

ப: தம்பி, முதல் எஞ்சினுக்கு இது நல்ல கணக்கு. டைனோ சக்கரத்தில் அளந்ததா என்று பார். கியர்பாக்ஸ் தின்றதை மென்பொருள் கழித்திருக்காது. இரண்டு மேனிஃபோல்டில் எது தேவலை என்று ஒப்பிடத்தான் இந்தக் கருவி. அளவெடுத்த நோட்டைத் தொலைத்துவிடாதே, அடுத்த ஹெட்டுக்கு வேண்டும்.