இணைய வேகத்தை அளந்தறிவோம்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசியைப் படியாலும் துணியை மீட்டராலும் அளந்து வாங்கும் நாம், மாதந்தோறும் பணம் கட்டும் இணைய வேகத்தை மட்டும் அளக்காமலே ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற கோடையில் என் தங்கையின் கல்லூரி விண்ணப்பத்தை லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே அனுப்ப முயன்றேன். சான்றிதழ்கள் ஏறாமல் மூன்று முறை பாதியில் நின்றன. கடைசி நாளுக்கு ஒரு வாரமே இருந்தது. "கம்ப்யூட்டர்தானே படிக்கிற, என்னன்னு பாருப்பா" என்றார் அம்மா. திரைப்படம் தடையின்றி ஓடுகிறது. விண்ணப்பம் மட்டும் ஏன் ஏறவில்லை? இக்கேள்வியே என் செயலிக்கு வித்தாயிற்று.

எதை அளப்பது?

அளக்க வேண்டியவை மூன்று: இறக்க வேகம், ஏற்ற வேகம், மறுமொழி வரும் நேரம். வேகத்தைப் பிட் கணக்கிலும் கோப்பைப் பைட் கணக்கிலும் சொல்வர். 1 பைட் என்பது 8 பிட். 10 மெகாபைட் கோப்பு 4 விநாடியில் இறங்கினால், 10×8÷4 = விநாடிக்கு 20 மெகாபிட். இந்த எட்டை மறந்து முதல் நாள் நான் ஏமாந்தேன்.

எவ்வாறு அளப்பது?

பைத்தான் மொழியில் எழுதினேன், திரைக்கு டிகிண்டர். எதிர்முனைக்கு, 2009 முதல் இயங்கும் மெஷர்மென்ட் லேப் அமைப்பின் பொது வழங்கிகளைப் பயன்படுத்தினேன். அங்கே அளவீடுகள் இணைய முகவரியோடு பொதுவில் வெளியாகும். ஆகவே பயனரின் சம்மதம் கேட்கும் வரியை முதல் திரையிலேயே வைத்தேன்.

இணைய இணைப்பு மாட்டுவண்டி போலத் தொடக்கத்தில் மெல்ல நகர்ந்தே வேகம் பிடிக்கும். எனவே இரண்டு விநாடி அளவு பொய் சொல்லும். பத்து விநாடி வேண்டும். 20 மெகாபிட் இணைப்பில் இதற்கு இறக்கத்துக்கே 25 மெகாபைட் செலவாகும். ஐந்து முறை அளந்து, வரிசையில் நடுவே நிற்கும் எண்ணை எடுத்தேன். அளக்கும்போது திரை உறைந்து நின்றது; அளக்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றியதும் சரியாயிற்று.

பிறர் கணிப்பொறியில்

பைத்தான் இல்லாத கணிப்பொறியிலும் ஓட, பைஇன்ஸ்டாலர் கொண்டு கட்டினேன். விண்டோஸில் கட்டியது விண்டோஸுக்கே ஆகும். லினக்ஸுக்கு லினக்ஸிலேயே கட்ட வேண்டும். ஒற்றைக் கோப்பாகத் தந்ததை நண்பர் வீட்டு வைரஸ் தடுப்பு மென்பொருள் சந்தேகித்துத் தடுத்தது. கோப்புறையாகக் கட்டித் தந்தபின் ஓடியது.

கண்ட உண்மை

எங்கள் வீட்டில் இறக்கம் 22 மெகாபிட், ஏற்றமோ 0.4 மெகாபிட்! கம்பியால் இணைத்து அளந்தும் அதே விடை. ஆகவே குற்றம் வைஃபையில் இல்லை. சான்றிதழ்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 2 மெகாபைட். மொத்தம் 80 மெகாபிட். அவை ஏற 200 விநாடி வேண்டும். அதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டாகச் சுருக்கினேன். 20 விநாடியில் விண்ணப்பம் ஏறிவிட்டது. அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை, கேசரி கிண்டினார்.

இந்தியாவில் அகலக்கற்றை எனப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் 2004இல் 256 கிலோபிட். 2023 சனவரியில் அது 2 மெகாபிட் ஆயிற்று. இரண்டும் இறக்க வேகத்தையே குறிக்கின்றன. ஆனால் விண்ணப்பிப்பவன் ஏற்ற வேண்டியவன் அல்லவா?

நண்பர்களே! குறை கூறுமுன் அளப்போம். அளந்தபின் எண்ணோடு கேட்போம். எண்ணோடு கேட்கும் கேள்விக்கு வலிமை அதிகம்.