பழைய மாடல் விமானத்துக்குப் புது உயிர்

(இளைஞர் அறிவியல் பாடம்)

வீட்டுப் பரணில் பழைய மாடல் விமானம் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால்சா மரத்தால் ஆனது. ஒரு காலத்தில் சிறிய எஞ்சினால் பறந்தது. என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த அப்பாவோ சித்தப்பாவோ செய்ததாக இருக்கலாம். இப்போது ஒரு பக்க இறக்கை ஒடிந்திருக்கிறது, எஞ்சின் இறுகிப்போய்விட்டது. இதைச் சீர்செய்து, மின்மோட்டார் பொருத்தி, ரேடியோ கண்ட்ரோலில் மறுபடியும் பறக்கவிட முடியுமா?

முடியும். பள்ளி மேல்வகுப்பு மாணவர் ஒருவர் பெரியவர் துணையோடு சில ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவிடலாம். ஆனால் ஒரு முறை இருக்கிறது. பலரும் முதலில் கடைக்குப் போய் மோட்டாரை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அது விமானத்துக்குப் பொருந்தாமல் திண்டாடுகிறார்கள். முதலில் வேண்டியது ஒரு சமையலறைத் தராசு. எடை தெரிந்தால் தேவையான திறன் தெரியும். திறன் தெரிந்தால் மோட்டாரும் பாட்டரியும் தாமே முடிவாகும். இப்பாடம் முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்துள்ளது.

மின்சாரம் வந்த கதை

மின்மோட்டாரால் மாடல் விமானத்தைப் பறக்கவிடும் ஆசை பழையது. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாடலை மின்மோட்டாரால் இயக்கி, ரேடியோ வழியே கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார். ஆயினும் அதன் பிறகு நெடுங்காலம் எஞ்சின்களே கோலோச்சின. காரணம் பாட்டரியின் எடை.

1990களில் சிறு விமானங்களில் வைத்த நிக்கல்-காட்மியம் பாட்டரியை எண்ணிப் பாருங்கள். 600 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஏழு செல்களின் எடை ஏறக்குறைய 140 கிராம். அவற்றில் இருந்த ஆற்றல் சுமார் 5 வாட்-மணி. இன்று 160 கிராம் எடையுள்ள மூன்று செல் லித்தியம்-பாலிமர் பாட்டரியில் சுமார் 20 வாட்-மணி இருக்கிறது. எடை கொஞ்சம் கூடுதல். ஆற்றல் நான்கு மடங்கு. இதனோடு, கார்பன் பிரஷ் தேய்மானம் இல்லாத 'பிரஷ்லெஸ்' மோட்டாரும் சேர்ந்ததால்தான் பரணில் கிடக்கும் விமானம் மீண்டும் பறக்க வழி பிறந்தது.

பழுது பார்த்தல்

எஞ்சின் ஓடிய விமானத்தின் மூக்குப் பகுதி மரத்தில் எரிபொருளிலிருந்த எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஸ்பிரிட்டால் துடைத்து, சோளமாவைத் தடவி ஓர் இரவு விட்டால் மாவு எண்ணெயை ஓரளவு இழுத்துக்கொள்ளும். அப்படியும் கருப்பாக, மெத்தென்று இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைப்பதே நல்லது. மோட்டாரைத் தாங்கும் முன்பலகை இங்கேதான் வரப்போகிறது.

இறக்கையின் நீளவாட்டில் ஓடும் சட்டம் ஒடிந்திருந்தால் முனையோடு முனை வைத்து ஒட்டக் கூடாது. இரு முனைகளையும் ஒரே சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல் எட்டு மடங்கு இருக்கட்டும். பிறகு இருபுறமும் மெல்லிய பிளைவுட் துண்டு வைத்து ஒட்டினால் போதும்.

மர இணைப்புகளுக்கு ஃபெவிகால் ஏற்றது. முன்பலகைக்கு அரால்டைட் போன்ற எபாக்ஸி வேண்டும். உங்கள் விமானம் தெர்மோகோலால் ஆனது என்றால் உடனே ஒட்டும் சூப்பர் பசைகளை அதில் தொடாதீர்கள். தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும்.

இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய பின், இறக்கையைச் சமமான மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தூக்கினால் இறக்கை முறுக்கியிருக்கிறது. மெல்லச் சூடேற்றி, எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து ஆறவிட்டு நேராக்குங்கள். முறுக்கிய இறக்கையோடு பறந்தால் விமானம் ஒரு பக்கமாகவே சாயும்.

எடைக் கணக்கு

நமது எடுத்துக்காட்டு விமானத்தின் இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்போம். ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும்:

சீர்செய்த உடலும் இறக்கையும் – 400 கிராம்
மோட்டார் – 55 கிராம்
வேகக் கட்டுப்படுத்தி – 25 கிராம்
புரொப்பெல்லரும் அதன் பிடியும் – 15 கிராம்
ரிசீவர் – 9 கிராம்
நான்கு சர்வோக்கள் – 36 கிராம்
பாட்டரி – 160 கிராம்
மொத்தம் – 700 கிராம்

இந்த எடையில், மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் இறக்கை விமானத்தைத் தாங்காது. அதே விமானம் 1000 கிராம் ஆகிவிட்டால் அந்த எல்லை 28 கிலோமீட்டராக உயரும். அதாவது இன்னும் வேகமாக இறங்க வேண்டும். இன்னும் பலமாக மோத வேண்டும். பெரிய பாட்டரி வைத்தால் நெடுநேரம் பறக்கலாமே என்று ஆசைப்படுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

திறன் கணக்கு

பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் போதும். அப்படியானால் 0.7 கிலோவுக்கு 140 வாட். மூன்று செல் பாட்டரியின் மின்னழுத்தம் 11.1 வோல்ட். 140-ஐ 11.1-ஆல் வகுத்தால் 12.6. ஆக, முழு வேகத்தில் ஏறக்குறைய 13 ஆம்பியர் ஓடும். அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் மோட்டாரும், தாராளமாக 20 முதல் 30 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்படுத்தியும் வேண்டும்.

மோட்டாரின்மேல் 'கே.வி.' என்று ஓர் எண் இருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். 1000 கே.வி. மோட்டார் 11.1 வோல்ட்டில் சுமையின்றி 11,100 சுற்று சுற்றும். புரொப்பெல்லர் மாட்டியதும் சுமார் 8,000 ஆகலாம். 4.5 அங்குல 'பிட்ச்' கொண்ட புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு 4.5 அங்குலம் முன்னேற முயலும். பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 55 கிலோமீட்டர். நமது குறைந்தபட்ச வேகமான 24-ஐப்போல் இரண்டு மடங்குக்கு மேல், இது போதும்.

கணக்கு போட்டாலும் அளக்காமல் விடக் கூடாது. வாட் மீட்டரைப் பாட்டரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் இணைத்து, விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து உறுதியாகப் பிடித்துக்கொள்ள, சில விநாடிகள் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். மோட்டாருக்குக் குறித்த உச்சத்தை மின்னோட்டம் தாண்டினால் சிறிய புரொப்பெல்லராக மாற்றுங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் பாட்டரியின் சிவப்பையும் கருப்பையும் மாற்றிவிடாதீர்கள்; கட்டுப்படுத்தி அக்கணமே கருகும்.

சமநிலை: பாடத்தின் உயிர்நாடி

கனமான எஞ்சினை எடுத்துவிட்டு இலேசான மோட்டாரை வைத்தோம். மூக்கு இலேசாகிவிட்டது, வால் கனத்துவிட்டது. வால் கனத்த விமானம் கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், தலைகுப்புற விழும். புதிதாகப் பழகுபவரால் அதைத் திருத்த முடியாது.

விமானத்தின் எடைமையம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். நம் 20 செ.மீ. அகலத்துக்கு அது 5 முதல் 6 செ.மீ. நாம் 5.5 என்று கொள்வோம். பாட்டரி இல்லாத 540 கிராம் விமானத்தை இரு விரல் நுனியில் தாங்கிப் பார்த்தபோது அது 8 செ.மீ.யில் சமமாக நின்றது என்போம். பாட்டரியை எங்கே வைப்பது? சீசா பலகையில் பெரியவரும் சிறுவரும் உட்காரும் கணக்குதான் இது:

(540 × 8) + (160 × பாட்டரியின் இடம்) = 700 × 5.5
4320 + (160 × பாட்டரியின் இடம்) = 3850
பாட்டரியின் இடம் = –2.9 செ.மீ.

கழித்தல் குறிக்கு முன் விளிம்புக்கும் முன்னால் என்று பொருள். பாட்டரியின் நடுப்பகுதி முன் விளிம்புக்கு ஏறக்குறைய 3 செ.மீ. முன்னால், மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். வசதியாக இருக்கிறது என்று அதையே இறக்கைக்கு அடியில் 10 செ.மீ.யில் வைத்தால் எடைமையம் 8.5 செ.மீ.க்குப் போய்விடும். விமானம் தப்பாது. கூடுதல் ஈயம் வைத்துச் சமன் செய்வதைவிடப் பாட்டரியை நகர்த்துவதே மேல். ஆகவே முன்பகுதியைச் செப்பனிடும்போதே பாட்டரிக்கு இடம் விட்டுக் கட்டுங்கள்.

விரலும் வீடும் வெளியும்

மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் முக்கி முனகிப் புறப்படும். மின்மோட்டார் கை தவறிப் பட்ட ஒரு தொடுதலில் முழு வேகம் எடுக்கும். சிறு விரலுக்கு அது கத்தி.

லித்தியம் பாட்டரி தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். அதற்கென உள்ள பாலன்ஸ் சார்ஜரிலேயே ஏற்ற வேண்டும். நமது 1800 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 1.8 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். கல் தரையில், மண் சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் இருந்துகொண்டே ஏற்றுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டவோ 3.3-க்குக் கீழே இறங்கவோ விடாதீர்கள். பல நாள் வைத்திருப்பதானால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். டில்லி, நாக்பூர் கோடையில் பூட்டிய காருக்குள் விட்டுவராதீர்கள். உப்பிய பாட்டரியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்களாகப் பிரித்தன. மாடல் விமானம்தானே என்று எண்ணாமல், உங்கள் ஊர் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது, அன்றைய விதி என்ன என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள். விமான நிலையத்தின் அருகே வேண்டவே வேண்டாம்.

முதல் பறப்பு

காற்று அடங்கிய காலை வேளை நல்லது. விமானத்தின் பின்னால் நின்று டிரான்ஸ்மிட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லிரான் மேலே எழ வேண்டும். இது மாறியிருந்து விழுந்த விமானங்கள் பல. டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்றும் புரொப்பெல்லரைக் கழற்றிய நிலையில் பாருங்கள். காற்றுக்கு எதிராக, சமமாக வீசி விடுங்கள். பாட்டரியில் 80 சதவீதம் மட்டுமே செலவழிக்கலாம். சராசரி 8 ஆம்பியர் என்றால் அது சுமார் 10 நிமிடம். கடிகாரத்தில் 8 நிமிடம் வைத்துக்கொண்டு இறக்கிவிடுங்கள். ஒரு தடவை தப்பிறங்கினாலும் மறுபடி ஏறிச் சுற்றிவர மிச்சம் இருக்க வேண்டும்.

பயிற்சி

1. 900 கிராம் பயிற்சி விமானத்துக்கு எத்தனை வாட் வேண்டும்? 11.1 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?

2. பாட்டரி இல்லாமல் 700 கிராம் எடையுள்ள விமானம் 7 செ.மீ.யில் சமமாக நிற்கிறது. 200 கிராம் பாட்டரி வைத்த பின் 6 செ.மீ.யில் நிற்க வேண்டும். பாட்டரியை எங்கே வைப்பீர்கள்?

விடைகள்: 1. 180 வாட், சுமார் 16 ஆம்பியர். 2. முன் விளிம்புக்கு 2.5 செ.மீ. பின்னால்.

இரண்டாவது விடை சரியாக வந்துவிட்டதா? இனித் தயங்காமல் பரணில் ஏணியைச் சாத்தலாம்.