தனியுரிமை என்றால் என்ன?



எங்க லைன் வீட்டில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனாலும் கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வர மாட்டாங்க. அந்த மரியாதைதான் தனியுரிமை.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரைக் கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். ஆதாரம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலீஸ் அவரைக் கண்காணித்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பியது. அவர் வழக்குப் போட்டார். ராத்திரியில் அப்படி வருவது செல்லாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது.

55 வருஷம் கழித்து அது மாறியது. ஆதார் பற்றி ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில், 24-8-2017 அன்று 9 நீதிபதிகளும் ஒரே முடிவாக, தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது.

"தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?"னு சிலர் கேட்பாங்க. கரக் சிங் மேல் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. ஆனால் தூக்கம் போச்சே!

தோழியின் டைரி, செல்போன், போட்டோ எல்லாமே ஒரு கதவுதான். நாமும் தட்டிக் கேட்டுட்டுத் திறப்போம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி