ஒற்றை விமானம் கற்பிக்கும் கணக்கு

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே அமைந்த தீவு நாடு நவுரு. அதன் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. இச்சிறு நாட்டின் விமான நிறுவன வரலாறு, கடன் பெறுவோரும் கடன் வழங்கும் நம்மைப் போன்றோரும் ஒருங்கே கற்க வேண்டிய பாடமாகும்.

வளர்ச்சி

1968இல் விடுதலை பெற்ற நவுருவின் பெருஞ்செல்வம், உரத் தயாரிப்புக்குப் பயன்படும் பாஸ்பேட். அவ்வருவாயின் துணையுடன் 1970இல் 'ஏர் நவுரு' சேவையைத் தொடங்கியது. சிறிய ஜெட் விமானம் ஒன்றில் தொடங்கிய பயணம், 1980களில் போயிங் விமானங்களுடன் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஹாங்காங் வரை விரிந்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் ஒரே நேரத்தில் அமரத்தக்க அளவு இருக்கைகள் அப்போது அந்நிறுவனத்திடம் இருந்தன.

ஆனால், பயணிகள் அந்த அளவுக்கு இல்லை. விமானம் பறந்தாலும் தரையில் நின்றாலும் கடன் தவணை, காப்பீடு, பராமரிப்பு, ஊதியம் ஆகியவை குறைவதில்லை. விற்காத சரக்கை நாளை விற்கலாம். காலியாகப் பறந்த இருக்கையை மீண்டும் விற்க இயலாது. இந்த இழப்பைப் பாஸ்பேட் வருவாயே ஈடுகட்டி வந்தது.

வீழ்ச்சி

கனிமம் தீரத் தொடங்கியதும், மறைந்திருந்த இழப்பு வெளிப்பட்டது. விமானங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இறுதியில் ஒன்றே எஞ்சியது. தவணை நிலுவையால் 2005 டிசம்பரில் அந்த போயிங் 737 விமானத்தையும் அமெரிக்காவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கைப்பற்றியது. உயர் சிகிச்சைக்கும் கல்விக்கும் கடல் கடந்தே செல்ல வேண்டிய மக்களுக்கு, அது ஒரு சொத்தின் இழப்பாக மட்டும் இருக்கவில்லை. வெளியுலகுக்கான வாயிலே அடைபட்டது.

மீட்சி

2006இல் தைவானின் உதவியுடன் பயன்படுத்திய போயிங் ஒன்று வாங்கப்பட்டு, 'அவர் ஏர்லைன்' என்ற பெயரில் சேவை மீண்டும் தொடங்கியது. 2014 முதல் அது 'நவுரு ஏர்லைன்ஸ்' எனப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைத் தளமாகக் கொண்டு, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா முதலிய அண்டை நாடுகளை இணைக்கிறது. தனித்தனியே ஒரு விமானத்தை நிரப்ப இயலாத தீவுகள், ஒரே தடத்தில் சேரும்போது நிரப்புகின்றன. பயணக் கட்டணத்தை மட்டும் நம்பாமல், சரக்குப் போக்குவரத்து, ஒப்பந்தப் பயணம் ஆகியவற்றின் வாயிலாகவும் நிறுவனம் பொருளீட்டுகிறது.

நாம் கொள்ளத்தக்கவை

சரக்குந்தோ, நெல் அறுவடை இயந்திரமோ கடனில் வாங்குமுன், மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வோம். மாதத்தில் எத்தனை நாள் இதற்கு வேலை கிடைக்கும்? வேலையற்ற நாளின் செலவு எவ்வளவு? வேறு வருவாயின் துணையின்றி, இதன் தவணையை இதுவே ஈட்டுமா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என்பதே விடையானால், துணைநிற்கும் அவ்வருவாய் கடன் முடியும் காலம்வரை நீடிக்குமா என்பதையும் கணக்கிட்ட பின்னரே விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது நலம்.