தண்டவாளமும் வரவுசெலவும்

நுழையும்முன்

பயணச்சீட்டு விற்ற பணத்தால் மட்டும் தொடர்வண்டி ஓடுவதில்லை. எஞ்சிய செலவை ஏற்பவர் யார்? அதனைக் கண்காணிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகிறது இப்பாடம்.

இரு வினாக்கள்

விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்பாதை வில்லியனூர் வழியாகச் செல்கிறது. 'இதனால் ஆதாயம் உண்டா?' என்று கணக்கர் வினவுவார். 'இது இல்லையெனில் குறைந்த செலவில் எவ்வாறு செல்வோம்?' என்று அரியூர் போன்ற சிற்றூர்களின் மக்கள் வினவுவர். இரண்டுமே நேர்மையான வினாக்கள். இவற்றை ஒருங்கே எடைபோடுவது அரசின் கடமை. அரசு அதனைச் சரிவரச் செய்கிறதா எனக் காண்பது நாடாளுமன்றத்தின் கடமை.

தனிக் கணக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் தனியார் குழுமங்கள் பல, அரசு உறுதியளித்த வட்டியை நம்பி இருப்புப்பாதைகளை அமைத்தன. வருவாய் குறைந்தபோது அவ்வட்டியை வரிப்பணம் ஈடுசெய்தது. முதல் உலகப்போருக்குப்பின் இரயில்வேயின் நிலையை ஆராய, 1920இல் வில்லியம் அக்வொர்த் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவின் பரிந்துரைப்படி 1924இல் இரயில்வே நிதி, பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. தனி வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்யும் அம்மரபு, 2017இல் பொது வரவுசெலவுத் திட்டத்தோடு மீண்டும் இணைக்கப்படும்வரை நீடித்தது.

இயக்க விகிதம்

நூறு ரூபாய் ஈட்டுவதற்கு ஆகும் இயக்கச் செலவே 'இயக்க விகிதம்' எனப்படும். 2017-18ஆம் ஆண்டில் அது 98.44 எனக் காட்டப்பட்டது. தேசிய அனல்மின் கழகம், இர்க்கான் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களிடம் பெற்ற முன்பணத்தை நீக்கினால் அது 102.66 ஆகும் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சுட்டியது. ஆதாயம்போல் தோன்றியது உண்மையில் பற்றாக்குறையே என்பதைத் தணிக்கை வெளிக்கொணர்ந்தது.

இழப்பும் மறைப்பும்

பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணமாகப் பெறப்படுகிறது என்னும் குறிப்பு ஒருகாலத்தில் பயணச்சீட்டிலேயே அச்சிடப்பட்டது. எஞ்சியதன் பெரும்பகுதியைச் சரக்கு வருவாய் தாங்குகிறது. சரக்குக் கட்டணத்தை அளவின்றி உயர்த்தினால் சரக்குகள் லாரிகளுக்கு மாறிவிடும். பழைய தண்டவாளங்களை மாற்றும் நிதியைக் குறைத்தாலோ பயணிகளின் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகும். அமெரிக்காவில் 1971 முதல் பயணிகள் வண்டிகளை இயக்கிவரும் ஆம்ட்ராக் நிறுவனமும் அரசு நிதியின் துணையோடே இயங்குகிறது. எனவே, இழப்பு என்பது மட்டுமே குற்றமாகாது. மக்கள் அறிய வழங்கப்படும் சலுகை கொள்கையாகும். கணக்கில் மறைக்கப்படும் இழப்போ வருங்காலத் தலைமுறையின்மீது ஏற்றப்படும் கடனாகும்.

தெரிந்து தெளிவோம்

தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார். அவரது அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு ஆராய்கிறது. இரயில்வேயின் மானியக் கோரிக்கைகளை நாடாளுமன்ற நிலைக்குழு ஆய்வு செய்கிறது.

கற்பவை கற்றபின்

'சிற்றூர்ப் பாதைகளை ஆதாயத்தால் மட்டும் அளவிடலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.